கற்பூரம் ஏற்றாத மரத்தடி

கோத்தா திங்கிக்கு வெளியே எங்கள் தாமான் குடியிருப்பை ஒட்டி ஒரு துண்டுக் காடு இருக்கிறது. அரசாங்க நிலம். அதை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். நாங்கள் சிலர் சேர்ந்து வன இலாகாவுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி ஒரு தானியங்கிக் கேமராவை இரவல் கொடுத்தார். பெரிய விலங்கு ஒன்றின் படம் கிடைத்தால் தீபாவளிக்கு முந்தைய கூட்டத்தில் காட்டுக்காகப் பேசுவதாகச் சொன்னார்.

கேமராவை ஒரு மரத்தில் கட்டிவிட்டு, ஞாயிறுதோறும் காட்டுக்குள் போய்ப் பார்த்தோம். படத்தில் அணில் இருந்தது, காட்டுக்கோழி இருந்தது, நாங்களும் இருந்தோம். பன்றி உடம்பும் குட்டித் தும்பிக்கையுமாக இருக்கும் பெரிய விலங்கான தாபிர் மட்டும் இல்லை. ஆற்றோரச் சேற்றில் அதன் காலடி பளிச்சென்று தெரிந்தும், கேமரா பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் குழுத் தலைவர் ஒரு லாரி ஓட்டுநர். தோட்டத்தில் பிறந்தவர். முனியாண்டிக்குக் கற்பூரம் ஏற்றாமல் காட்டில் ஓரடி எடுத்து வைக்கமாட்டார். அதையும் கேமரா கட்டிய மரத்தடியிலேயே செய்வார். கூடவே ஒரு கட்டு ஊதுபத்தி. ஒரு ஞாயிறு, புகைக்கு நடுவே அவர் கைகூப்பி நிற்கும் படங்களாக வந்து விழுந்தன. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, இந்த வாசனைக்கு எந்த மிருகம் வரும்? எனக்கே தும்மல் வருது."

"சாமி கும்பிடாம காட்டுக்குள்ள போறதா? நீ பேசறது நல்லா இல்லம்மா."

"கும்பிடுங்க, வேணாங்கல. ரோட்டுல நிக்கிற நம்ம காடிகிட்ட நின்னு கும்பிடுங்க. முனியாண்டிக்கு அங்கிருந்து தெரியாதா?"

அவர் ஊதுபத்திக் கட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். குழுவை விட்டே போய்விடுவாரோ என்று பயந்தேன். அடுத்த ஞாயிறு காருக்குப் பக்கத்தில் கற்பூரம் ஏற்றினார். பிறகு ஆற்றில் இறங்கிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"காலையில சோப்புகூடப் போட்டுக் குளிக்கல. போதுமா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த முறை கேமராவைத் திறந்தால், இடுப்பில் வெள்ளை வேட்டி சுற்றிய மாதிரி ஒரு தாபிர் நிற்கிறது. பின்னாலேயே உடம்பெல்லாம் கோடும் புள்ளியுமாக அதன் குட்டி. "அலமாக்," என்று வாய்பிளந்து அண்ணன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

படத்தைக் கூட்டத்தில் காட்டினார்கள். காடு பிழைத்தது. பாதுகாக்கப்பட்ட காடு என்று மலாய் மொழியில் பலகை நட்ட அன்று, அண்ணன் தேங்காயோடு வந்தார். பலகைப் பக்கம் போகாமல், காருக்குப் பக்கத்தில் நின்று உடைத்தார். ஒரு மூடியை என் கையில் கொடுத்தார்.

"நீ சொன்னது சரிதான் தங்கச்சி," என்றார். "அவருக்கு இங்கிருந்தே தெரிஞ்சிருக்கு."