கிணற்றுப் பேய்க்குக் குரல் கொடுத்தவள்

தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் குரல் கரகரத்துப் போனது. ஆறு மாதத்தில் சரியாகலாம் என்றார் டாக்டர். ஆகவில்லை. போனில் பேசுகிறவர்கள் என்னை "சார்" என்றார்கள். கால் சென்டர் வேலையும் போயிற்று.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஏற்கெனவே என்னைப் பிரிந்திருந்த கணவர் எங்கள் ஆறு வயது மகளைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனார். அங்கேயே பள்ளியிலும் சேர்த்தார். எழுந்து நடக்கவே தெம்பில்லாத நாட்கள் அவை. சரி என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு காலைகளில் வீடியோ காலில் பேசலாம் என்று ஏற்பாடு. முதல் தடவை என் குரலைக் கேட்டதும், "இது அம்மா வாய்ஸ் இல்ல," என்று போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். அதன்பின் பல வாரங்கள், சென்னையில் என் கீழ்க்கட்டளை வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் வீட்டு மின்விசிறியைத்தான் பார்த்தேன்.

கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி, பல்லாவரத்தில் கார்ட்டூன்களுக்குத் தமிழில் குரல் கொடுக்க ஆள் தேடுவதாகச் சொன்னாள். ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறைகள், அவ்வளவுதான் ஸ்டூடியோ. விமானம் தாழ்வாகப் போனால் நிறுத்திவிட்டு மறுபடி பேச வேண்டும். எட்டு நிமிடத் துப்பறியும் கதைகள். மூன்று பிள்ளைகள் ஒவ்வொரு ஊராகப் போய் ஒரு பேயைத் துரத்திப் பிடிப்பார்கள். முகமூடியைக் கழற்றினால் உள்ளே வாட்ச்மேனோ ஓட்டல்காரரோ இருப்பார். பேய்க்கு நான் பேச வேண்டும்.

நான் செருமுவதைப் பார்த்துவிட்டு ஒலிப்பதிவு செய்த தம்பி சொன்னான்: "அக்கா, தொண்டையைச் சரி பண்ணிக்காதீங்க. இப்படியே நல்லா இருக்கு."

அந்த வார்த்தைக்காகவே மறுநாளும் போனேன். கண்ணாடி அறைக்குள் தனியாகத்தான் பேச வேண்டும். மற்றவர்கள் வேறு வேறு நாட்களில் பேசிவிட்டுப் போயிருப்பார்கள். ஹெட்போனில் மூன்று பிள்ளைகள் என்னைக் கண்டு அலறுவார்கள். அந்தக் குரல்களுக்கு உரியவர்களை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முகமூடி கழன்றதும் என் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு பேசுவது வேறொருவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகளின் அறையிலிருந்து என் சிரிப்புச் சத்தம் கேட்டது. பாழுங்கிணற்றிலிருந்து எழுந்து வரும் பேய்க்காக நான் சிரித்த சிரிப்பு. டேப்லெட்டில் அந்தக் கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. நான் போனைக் கிட்டே பிடித்து அதே மாதிரி சிரித்தேன். அங்கே சத்தம் நின்றது. மெல்லத் திரைக்குள் முகம் வந்தது.

"கிணத்துப் பேயா?"

"ஆமா," என்றேன் பேயின் குரலில்.

அன்று இருபது நிமிடம் பேசினாள். சாப்பிட்டாயா, தலை யார் பின்னிவிட்டது, பள்ளியில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று நான் கேட்க நினைத்திருந்ததையெல்லாம் பேய் கேட்டது. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. நடுவில் ஒருமுறை, "அம்மா பேசறேன்டா," என்றேன். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். நான் மறுபடி பேயானேன்.

வாராவாரம் அப்படியே நடந்தது. நான்தான் பேசுகிறேன் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் பயம். போன மாதம் போனை வாயருகே வைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்."

"அம்மாவோட பழைய வாய்ஸ் எனக்கு மறந்துபோச்சு."

"பரவாயில்ல, அதுக்கெல்லாம் அம்மா கோச்சுக்க மாட்டாங்க," என்றது பேய். "நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அன்று மதியம் பழைய போனைச் சார்ஜில் போட்டுத் தேடினேன். அவள் தயிர்சாதம் சாப்பிடும் சின்ன வீடியோ ஒன்று கிடைத்தது. "இன்னும் ஒரே ஒரு வாய்," என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சொல்கிறாள். எனக்கே அது யாரோ மாதிரி இருந்தது. நாலைந்து முறை கேட்டேன். மகளுக்கு அனுப்பவில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே.