அம்மாவின் வலது கால்

காரை விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அச்சுவேலித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. அன்று வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலையில் ஒருவர் கார் பார்க்க வருகிறார் என்றும் சொன்னார். 

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் சோர்ந்த பிறகுதான் அம்மா கார் ஓட்டப் பழகினார். அப்போது அவருக்கு ஐம்பது கடந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கோப்பாய்த் தோட்டவெளி ஒழுங்கைகளில் ஓட்டிப் பழகி லைசென்ஸ் எடுத்தார். கிளினிக், கீரிமலை, சொந்தக்காரர் வீடு என்று அப்பா எங்கு போவதென்றாலும் அம்மாதான் சாரதி. ஓட்டோவில் ஏறுவதென்றால் அப்பாவை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். காரின் முன்சீற்றில் அவர் தானாகவே உட்காருவார். கார் போனால் கூடவே என்ன போகும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்த வாரம், கிளினிக் போகும் வழியில், ரயில் கடவை மேட்டில் கார் ஏறாமல் நின்றுவிட்டதாம். ரயில் வரும் நேரமில்லை. பின்னால் வந்தவர்கள் இறங்கித் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கார் சில மாதங்களாகவே இழுக்கவில்லை என்று அம்மா அப்போதுதான் சொன்னார்.

“காரிலை பிழையில்லை பிள்ளை. என்ரை காலிலைதான் பெலன் இல்லை. மிதிக்கிற மிதி காணாது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்பாவையும் வைச்சுக்கொண்டு தண்டவாளத்திலை நிக்கேலாது” என்றார்.

சனிக்கிழமை காலை முதலில் நானே காரை ஓட்டிப் பார்த்தேன். என் காலுக்கும் அது இழுக்கவில்லை. அம்மாவிடம் உடனே சொல்லவில்லை. காரணம் இல்லாமல் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார். பழுது தேடும்போது எனக்கு ஒரு வரிசை உண்டு. பிறேக் பிடித்தபடி நிற்கிறதா, பெற்றோல் சரியாக வருகிறதா, பிளக் சரியாக எரிக்கிறதா, காற்று போகிறதா. முதல் மூன்றிலும் குறை தெரியவில்லை.

அப்பா பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்ட முடியாது என்று ஆன பிறகு காரைப் பார்ப்பதை அவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். காலையில் இடக்கையால் கண்ணாடி துடைப்பார், பொனற்றைத் திறந்து தண்ணீர் பார்ப்பார், ஒயில் பார்ப்பார்.

காற்று வடிகட்டி இருக்கும் பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். வடிகட்டியைக் காணவில்லை. வேட்டித்துணியை இரண்டாக மடித்துச் சுற்றி, நூலால் கட்டிய ஒரு பொதி இருந்தது. அடியில் மடிந்திருந்த ஓரம்தான் வெள்ளை, மற்றதெல்லாம் செம்மண்.

“உது நான் கட்டினது” என்றார் அப்பா. “அவ புழுதிக்குள்ளையெல்லே ஓடுறா. இஞ்சினுக்குள்ளை மண் போகக்கூடாதெண்டுதான். குசினிப் பைப்புக்குக் கட்டுறமெல்லே, அதுமாதிரி.”

எங்கள் சமையலறைப் பைப்பின் வாயில் எப்போதும் ஒரு துணி இருக்கும். கிணற்றுத் தண்ணீரோடு வரும் மண்ணும் தூசியும் அதில் நின்றுவிடும். இங்கே பல வீடுகளில் அப்படித்தான். நூலின் முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை. ஒரு முனையைப் பல்லால் பிடித்து இழுத்து இறுக்கியிருக்க வேண்டும்.

நான் மறைக்காமல் சொன்னேன். பெற்றோல் எரிய அதைவிடப் பல மடங்கு காற்று வேண்டும். அந்தக் காற்றுக்கு இடம் காணாது என்றுதான் வடிகட்டியின் தாளை இவ்வளவு மடிப்புகளாக மடித்திருக்கிறார்கள். அதுவே புழுதியில் அடைத்துப்போகும். அதற்கு மேல் துணியும் சுற்றினால் இஞ்சினுக்கு மூச்சு முட்டும். துணி கிழிந்து ஒரு துண்டு உள்ளே இழுபட்டால் பெரிய செலவு. வடிகட்டி மாற்றக் காரின் புத்தகத்தில் போட்டிருக்கிற தூரம் நல்ல றோட்டுகளுக்கு. எங்கள் செம்மண் ஒழுங்கைகளில் ஓடுகிற காருக்கு அதற்கு முன்பே மாற்ற வேண்டும். துணியை வெட்டி எடுத்தபோது உள்ளே இருந்தது, அப்பா படுக்கையில் விழுவதற்கு முன் போட்ட அதே வடிகட்டி.

அப்பா தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

“அப்ப என்ரை கால்?”

“உங்கடை காலிலை ஒண்டுமில்லை அம்மா. நான் ஓடியும் இழுக்கேல்லை.”

அம்மா அந்தத் துணியை வாங்கி விரித்துப் பார்த்தார். கடவையில் பட்ட பயத்துக்கு இப்போது அப்பா வாங்கிக் கட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“எனக்கெண்டோ கட்டினனீங்கள்?”

“பின்னை ஆருக்கு?”

“அதுக்குக் கோயிலுக்குக் கட்டுற வேட்டிதான் கிடைச்சுதோ?”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவருடைய கதிரையின் கைப்பிடியில் சற்று நேரம் சாய்ந்து நின்றார்.

புதிய வடிகட்டியை நான் யாழ்ப்பாணம் போய் வாங்கி வந்தேன். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன், அப்பாதான் போட்டார். றப்பர் விளிம்பு சரியாக உட்கார்ந்ததா என்று பெருவிரலால் சுற்றிவர அழுத்திப் பார்த்தார். ஒரு கிளிப் அவருக்குப் பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்தது. உதவப் போன அம்மாவின் கை பாதியில் நின்று திரும்பியது. கிளிப் பூட்டிக்கொண்ட சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா கார்த் திறப்பை எடுத்து வந்தார். அன்று மாலை கடவை மேட்டில் ஏறும்போது அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கார் அப்படியொரு மேடு இருப்பதையே காட்டிக்கொள்ளாமல் ஏறி இறங்கியது.

ஞாயிறு காலை கார் பார்க்க வந்தவர் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து விலை கதைக்கத் தொடங்கினார்.

“ஓடுறது அவ” என்றார் அப்பா. “அவவைத்தான் கேக்க வேணும்.”

அம்மா வந்தவருக்குத் தேத்தண்ணியை நீட்டினார். “குறை நினையாதேங்கோ தம்பி. நாங்கள் விக்கேல்லை. நாளையிண்டைக்கு இவருக்குக் கிளினிக் இருக்கு.”