முளைவிட்ட கடலை

நாக்பூர் பக்கம் ஒரு டீக்கடையில், காறலெடுத்த கடலெண்ணெயில் சுட்ட வடையைப் பக்கத்தில் நின்றவர் துப்பிவிட்டுப் போனார். நான் முழுதும் தின்றேன். எங்கள் வீட்டில் ஒரு வருசம் முழுக்க அந்த வாசம்தான்.

இப்போது வீட்டுமனைக் கற்கள் நிற்கிற எங்கள் சோழபுரம் செவக்காட்டில் அப்பா எப்போதும் கொடிக்கடலைதான் போடுவார். அது மண்ணோடு படர்ந்து கிடக்கும், அம்மா குத்தவைத்தபடியே களைக்கொத்தால் தோண்டித் தோண்டி இடுப்பொடிவாள். அந்த வருசம் அவள் பிடிவாதம் பிடித்து, கையால் இழுத்தாலே வந்துவிடும் குத்துக்கடலை விதையை வாங்கவைத்தாள். கொடிக்கடலை விளைந்தபிறகும் ஈரமண்ணுக்குள் முளைவிடாமல் தூங்கும்; குத்துக்கடலைக்கு அந்தத் தூக்கம் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியாது. விளைந்த நேரம் பார்த்து ஒரு வாரம் மழை விடவில்லை. பிடுங்கியபோது தோட்டுக்குள்ளேயே முளைவிட்டிருந்தது. அம்மா நகத்தால் முளைகளைக் கிள்ளிக் காயவைத்து, ராஜபாளையத்து எண்ணெய் மில்லுக்குக் கொண்டுபோனாள்.

மில்லுக்காரர் ஒரு பருப்பைக் கடித்தார். "ஏம்மா, முளையக் கிள்ளிட்டா கசப்பு போயிருமா? வேணும்னா ஒங்க வீட்டுக்கு ஆட்டித் தாரேன். வெலைக்கு எடுக்க மாட்டேன்."

அந்த எண்ணெயை நாங்களே தின்று தீர்த்தோம். தட்டில் கைவைக்கும்போதெல்லாம் அப்பா, "ஏட்டி, ஒன் இடுப்புக்குன்னு வாங்குன வெதை, எம்புட்டுக் கசக்குது பாத்தியா" என்பார். அம்மா தன் பருப்புப்பொடிச் சோற்றில் மட்டும் இன்னொரு கரண்டி எண்ணெய் ஊற்றிப் பிசைவாள்.