வாஷ்கூக்கேயில் பாடியவளின் தாய்

சூரிச்சில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் எதற்கும் ஒரு முறை உண்டு. நிலவறையில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் உடுப்புத் தோய்க்கும் அறை. அதை வாஷ்கூக்கே என்போம். வீட்டுக்கு ஒரு நாள். அடுத்தவரின் நாளில் ஒரு காலுறையைத் தோய்த்தாலும் வழக்குத்தான். என்னுடைய நாள் வியாழன்.

அன்றைக்குத்தான் மூன்றாம் மாடிச் சுவிஸ்காரப் பெண் இறங்கி வந்து பாடுவாள். அப்போது அவள் வங்கியில் வேலை பழகிக்கொண்டிருந்தாள். வீட்டில் வாய் திறந்தால் தாய் தடுத்துவிடுவார். மற்ற நாள்களில் கீழே பாடினால் அயலட்டை சண்டைக்கு வரும். "நீ பாடு பிள்ளை, மெஷின்ர சத்தத்தைவிட உன்ர சத்தம் பரவாயில்லை" என்று நான்தான் இடம் கொடுத்தேன். அவள் பாடியது ஒபேராவாம், மேல்நாட்டு நாடகப் பாட்டு. அப்போது அது என்னவென்றே எனக்குத் தெரியாது. சுவரெல்லாம் ஓடு பதித்த அறை அது. அவள் குரலை மேலே எடுத்தால் என் காது அடைத்துப்போகும். ஒருநாள் உடுப்புக் கூடையைத் தூக்க வந்த என் மனுசன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இஞ்சரப்பா, இவளுக்கு என்ன, பல்லுக்கொதியோ?"

பல்வலியில் கத்துகிறாள் என்று நினைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் பாடி முடித்த கையோடு என் ஈரச் சேலையின் மறுதலைப்பைப் பிடித்து உதறித் தருகிற பிள்ளையை யாருக்குத்தான் பிடிக்காது? தமிழ்க் கடையில் கேட்டுப் பழகி என்னை 'அக்கா' என்பாள். நாங்கள் கதைத்ததெல்லாம் சுவிஸ் ஜெர்மனில்தான். என் நினைவில் மட்டும் அது தமிழாகவே கிடக்கிறது.

பிறகு ஒருநாள் வங்கியை உதறிவிட்டு, பாட்டுப் படிக்கவென்று ஜெர்மனிக்குப் போய்விட்டாள். அதோடு தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. காலம் ஓடி, இரண்டாயிரமாம் ஆண்டும் பிறந்து, அவள் பெயர் நாடு நாடாகப் பரவிவிட்டது. சூரிச் ஒபேராவில் அவள் பாடப்போகிறாள் என்று தெருவெல்லாம் அவள் முகத்தை ஒட்டியிருந்தார்கள். அந்தக் கிழமைதான் எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு அம்மா தோய்க்கிற நாள். நான் வாஷ்கூக்கேக்கு வாறன். நீங்களும் நில்லுங்கோ. வீட்டுக் கதவைத் தட்டினால் அவ திறக்கமாட்டா. எத்தினையோ ஊரிலை பாடிட்டன். அவ ஒருக்காலும் வந்து கேட்கேல்லை. ஒருக்கா வந்தால் போதும்."

நின்றேன். கூடையோடு இறங்கி வந்த தாய் மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"இண்டைக்கு என்ர நாள்" என்றார். இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அதுதான்.

"தெரியும் அம்மா. அதுதான் வந்தனான்."

அவள் இரண்டு டிக்கெட்டுகளைக் கூடையின் மேல் வைத்தாள். தாய் அவற்றை ஒதுக்கிவிட்டுப் படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக மெஷினுக்குள் திணித்தார். சவர்க்காரத் தூளும் போட்டார். பிறகுதான் வாய் திறந்தார்.

"நீ மேலை எடுத்தால் என்னாலை கேட்டுக்கொண்டிருக்கேலாது. அப்பவும் ஏலாது, இப்பவும் ஏலாது."

ஊரெல்லாம் எழுந்து நின்று கைதட்டுகிற பெண், ஏச்சு வாங்கிய சின்னப் பிள்ளை மாதிரி நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல் நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். "காதுக்குப் பிடிக்காட்டில் கண்ணாலையாவது பாருங்கோ. நீங்கள் பெத்ததுதானே. வெள்ளிக்கிழமை நான் வந்து கூட்டிக்கொண்டு போறன். வரேல்லையெண்டால் இனி உங்களோடை எனக்குக் கதையில்லை" என்று கத்தினேன்.

"கத்தாதேங்கோ, மேல்வீட்டுக்குக் கேட்கும்" என்றார் அந்த அம்மா. ஆனால் டிக்கெட்டுகளை எடுத்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நான் காஞ்சிபுரம் சேலைக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்டுக்கொண்டு, அவரை ட்ராமில் ஏற்றிக் கூட்டிப்போனேன். மண்டபத்தில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து இருக்கை. விளக்குகள் அணைந்தன. மகள் மேடைக்கு வந்து பாடத் தொடங்கியதும் என் கையைப் பிடித்தார். குரல் உயர உயரப் பிடி இறுகியது. என் காப்புகள் தோலில் அழுந்தின. பிடிக்காவிட்டால் இப்படியா என்று கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா கண்களை இறுக மூடியிருந்தார்.

"மேலை மேலை ஏறுறாள்" என்று முணுமுணுத்தார். "இத்தினை சனத்துக்கு முன்னாலை விழுந்தாளெண்டால்?"

பெற்ற மனம் பித்து என்று நாங்கள் சும்மாவா சொல்கிறோம்? பாட்டு அவருக்குப் பிடிக்காமல் இல்லை. மகளின் குரல் ஏறும்போதெல்லாம் அது உடைந்துவிடுமோ என்று பயம். வங்கி வேலையில் இருந்தால் விழமாட்டாள் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அவர் மட்டும் கண் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இறங்கிட்டாளோ?" என்று கேட்டார்.

"ஓம், நல்லபடியா இறங்கிட்டாள்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.