சிமெண்ட் கோர்ட்டில் இரண்டாவது நாற்காலி

1987 மார்ச், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துக்கு என் வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனேன். டென்னிஸ் ஆட. நாற்காலியோடு படகேற நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அவர் யூதர் தெருவான ஜூ டவுனில், ஒரு குடோனில் மிளகு மூட்டை சுமந்தவர். அடுக்கு சரிந்து முதுகெலும்பு போனபின், ஆஸ்பத்திரியில் லில்லி சிஸ்டர்தான் மட்டையைக் கையில் கொடுத்தார். உட்கார்ந்து ஆடுபவருக்குப் பந்து இரண்டு முறை தரையில் குத்தலாம். மற்றபடி எல்லாரும் ஆடுகிற டென்னிஸ்தான். ஒரு வருஷம் குடோன் சுவரோடு ஆடினார். எதிரே ஓர் ஆளோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் ஆசை. ஆலப்புழையில் தோமா என்று ஒருவர் இப்படி ஆடுவதை அறிந்து சிஸ்டர் எர்ணாகுளத்து டென்னிஸ் கிளப்பில் ஏற்பாடு செய்தார்.

காலை 7.40 படகு. தண்ணீர் வற்றிய நேரம். படகு ஜெட்டி மேடையை விட இரண்டு படி தாழ்ந்து நின்றது.

"சேச்சி, கசேரைக்கு லக்கேஜ் சார்ஜ் உண்டு," என்றான் படகுக்காரன்.

"அப்போ அதுல இருக்கவரு மூட்டையா?"

"மூட்டை சுமந்தவன் மூட்டையாயிட்டேன். குடுத்துத் தொலை," என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆளுக்கு அறுபது காசு, நாற்காலிக்கு ஒரு ரூபாய். அவன் முகம் இன்றும் எனக்கு அடையாளம் தெரியும்.

அரை மணியில் எர்ணாகுளம். ஜெட்டியிலிருந்து கிளப் ஒரு கிலோமீட்டர், தள்ளிக்கொண்டே நடந்தேன். சக்கரம் பட்டால் செம்மண் கோர்ட் கெட்டுப்போகும் என்று பின்னாலிருந்த சிமெண்ட் கோர்ட்டைக் காட்டினார்கள். அவர்களையும் நான் மறக்கவில்லை.

பத்து மணிக்கு ஆட்டம். பதினொன்றரைக்குக் கிளப்புக்குப் போன் வந்தது. தோமாவின் நாற்காலியை எந்தப் பஸ்ஸிலும் ஏற்றவில்லையாம். வீட்டுக்கே திரும்பிவிட்டார்.

எதற்கும் இருக்கட்டும் என்று சிஸ்டர் கொண்டுவந்த இன்னொரு நாற்காலி வலைக்கு அந்தப் பக்கம் நின்றது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ உக்காரு. ஒரே ஒரு கேம்."

"அடப் போங்க. இத்தன பேரு பாக்காவ, சேலையோட அதுல உக்காரவா? எனக்கு மட்டை பிடிக்கவே தெரியாது."

"நீ தோத்தாப் போதும்ட்டி."

நான் உட்காரவில்லை. கால் நன்றாக இருக்கும்போது அதில் உட்கார்ந்தால் ஏதாவது வந்துவிடும் என்று ஒரு பயமும் இருந்தது. அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. பத்துப் பதினைந்து பந்து அடித்தார். ஒவ்வொன்றும் காலி நாற்காலியைத் தாண்டி, இரண்டு முறை குத்தி, கம்பி வேலியில் போய் நின்றது. நான் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தேன்.

அந்த ஆட்டம் அதற்குப் பிறகு அமையவே இல்லை. அவரும் போய்ச் சேர்ந்தார். மட்டை என்னிடம் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீர் ஏறிய நேரத்துப் படகைப் பிடியுங்கள், ஜெட்டிக்குச் சமமாக நிற்கும். நாற்காலியைப் பின்பக்கமாக இறக்குங்கள். சிமெண்ட் சுடும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். எதிராளி வரவில்லையென்றால் அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்துவிடுங்கள். ஆடத் தெரிய வேண்டியதில்லை.