கடைசிக் கதவு திறக்குதில்லை

எனக்குப் பத்து வயதானபோது, உருத்திரபுரத்தில் ஒரு கோட்டையின் எல்லா அறைகளையும் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். பிரான்சிலிருந்து மாமா கொடுத்தனுப்பிய பழைய மடிக்கணினியில் இருந்த விளையாட்டு அது. என்னைவிட வயதில் மூத்தது. கூரையைக் கழற்றிவிட்டு ஒரு மூலையில் ஏறி நின்று பார்ப்பதுபோல அறைகள் சரிவாகத் தெரியும். அவற்றுள் நடக்கும் குட்டி வீரனால் ஒரு நேரத்தில் மூன்று பொருட்களைத்தான் தூக்க முடியும். எதை எங்கே வைத்தால் எந்தக் கதவு திறக்கும் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஞாயிறு மத்தியானங்களில் மாமா தொலைபேசியில் வழி சொல்வார். "பீப்பாவை மேசைக்கு மேல ஏத்து, பிள்ளை. அதில ஏறினால் சுவரில தொங்கிற திறப்பு எட்டும்."

தனக்குச் சொல்லாமல் கலியாணம் முடித்தார் என்று அம்மா மாமாவுடன் மூன்று வருடமாகக் கதைப்பதில்லை. ஆனாலும் அழைப்பு வந்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்து பயற்றங்காய் முறிப்பார்.

ஒரு சனிக்கிழமை, யாருடைய உதவியும் இல்லாமல் கடைசிக் கதவையும் திறந்துவிட்டேன். அம்மாவுக்குச் சந்தோஷமே இல்லை.

"இனி மாமாட்டை என்ன கேப்பாய்?"

"ஒண்டும் கேக்கத் தேவையில்லை. முடிச்சிட்டன்."

மறுநாள் தொலைபேசி அடித்தது. "கடைசிக் கதவு திறக்கேல்லை எண்டு சொல்லு," என்று அம்மா என் காதுக்குள் சொன்னார்.

மாட்டேன் என்றேன். நானே திறந்த கதவு.

"மாமா, நான்..." என்று தொடங்குவதற்குள் அம்மா தொலைபேசியைப் பறித்துவிட்டார்.

"இவளுக்குக் கடைசிக் கதவு திறக்குதில்லையாம்."

மறுபக்கத்தில் மாமா கேட்டார்.

"அக்கா?"

"ஓம், நான்தான். என்ன செய்யவேணும் எண்டு சொல்லு."

மேசை, பீப்பா, விளக்கு என்று மாமா ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா ஒன்றும் விளங்காமலே "ஓம், ஓம்" என்றார். பிறகு, குளிருக்கு என்ன போடுகிறாய், நீ கட்டினவள் சமைப்பாளா என்று கேட்கத் தொடங்கினார். அடுப்பில் சோறு குழைந்து போனது.

என் வெற்றியை ஒரு பொய்யால் இல்லாமல் ஆக்கிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். அடுத்த ஞாயிறு மாமா அழைப்பு எடுத்து, "கொம்மாட்டைக் குடு," என்றார். அம்மா தொலைபேசியோடு முற்றத்துக்குப் போய் ஒரு மணி நேரம் கதைத்தார். எனக்குத் தெரியாமல் அம்மாவும் விளையாடத் தொடங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்படியென்றாலும், ஒரு கதவுக்கு இவ்வளவு கதை தேவையில்லை.