காலியாக விட்ட பட்டன்

லெட்சுமி அக்கா எப்போதும் தெருவிலிருந்தே என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் கடைக்குள் வருவார். அந்தச் செவ்வாய்க்கிழமை கூப்பிடவில்லை. நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர் என் தையல் மிஷின்மேல் கையை வைத்தபடி நின்றார்.

"நாசர் தவறிட்டாருடி, பவி. வேலை எடத்துல நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாராம். அவ்ளோதானாம்."

நான் ஊசியைக் கீழே வைக்காமல், பாதியில் நின்ற கொக்கியைத் தைத்து முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை. மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். ஃபெரி ஏறி, அக்கரையில் பாகான் டாலாமில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனோம்.

இதைப் படிப்பவர்களில் பலர் நாசர் அண்ணனை மேடையில் பார்த்திருப்பீர்கள். 'உப்புத் தண்ணி' குழுவில் லெட்சுமி அக்கா பாடுவார், அந்தோணி அண்ணன் உறுமி அடிப்பார். அவர்களுக்குப் பின்னால், கழுத்தில் ஹெட்ஃபோனோடு, ஒரு சதுரப் பெட்டியின்மேல் குனிந்திருந்தவர்தான் நாசர் அண்ணன். பெட்டியில் பதினாறு ரப்பர் பட்டன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சத்தம் இருக்கும்: ஃபெரியின் ஊதல், தகரக் கூரையில் மழை, உறுமியைக் குச்சியால் இழுக்கும் ஒலி. அதையெல்லாம் கம்ப்யூட்டர் இசையோடு கோத்து, பழைய சூஃபி பாடல்களுக்கு அடியில் ஓடவிடுவார். பகலில் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கியூட் பலகைகளைச் சோதிக்கும் வேலை. வேலை முடிந்ததும் ஃபெரியில் ஜார்ஜ் டவுனுக்கு வந்துவிடுவார். அவர்கள் பயிற்சி செய்யும் அறை நான் தைக்கும் கடைக்கு நேர் மேலே இருக்கிறது.

நான் அவரை முதலில் பார்த்தது அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, தையல் மிஷின் சத்தத்தைப் பதிவு செய்யலாமா என்று கேட்ட நாளில். முதலாளி அக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நாசர் அண்ணன் அதோடு விடாமல் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஒங்கிட்டயும் கேக்கணும்."

"மிஷின் என்னுதுலா. அவகிட்ட என்னா கேக்கறீங்க?" என்றார் முதலாளி அக்கா.

"மிஷின் ஒங்களுது. மெதிக்கிற காலு தங்கச்சியோடது இல்லியா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகுதான் தெரிந்தது, எல்லாரிடமும் அவர் அப்படித்தான் என்று. ஃபெரியின் ஊதலுக்கு அதில் வேலை செய்பவரிடம் கேட்டிருக்கிறார். ஆயர் ஈத்தாம் பாசாரில் தேங்காய் துருவும் சத்தத்துக்கு, அங்கே கடை போட்டிருந்த சீனக் கிழவரிடம் மூன்று நாள் போய் நின்றிருக்கிறார். அந்தோணி அண்ணன் கேலி செய்வார்: "மழையப் பிடிச்சியே, யாருகிட்டடா கேட்ட?" நாசர் அண்ணன் யோசிக்காமல் சொல்வார், "தகரம் போட்ட வீட்டுக்காரர்கிட்ட." அவர் அடிக்கடி சொன்னது இது: "சத்தம்னா அது யாரோ ஒருத்தரோட சாமான். கேட்டுட்டுத்தான் எடுக்கணும்."

நான் படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள். வாய்மொழித் தேர்வில் வகுப்பின் முன்னால் நிற்கச் சொன்னார்கள். நின்றேன், குரல் வரவில்லை. மூன்று முறை அப்படி நடந்த பிறகு போவதையே நிறுத்திவிட்டேன். ஆனால் ஆறு வருடம் தமிழ்ப் பள்ளியில் படித்ததால் தமிழ் நன்றாக வாசிப்பேன். நாசர் அண்ணன் மலாய்ப் பள்ளியில் படித்தவர். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் எழுத்து தெரியாது. பழைய சாமான் சந்தையில் அவர் ஒரு பாட்டு நோட்டு வாங்கி வைத்திருந்தார். யாரோ ஒரு ஃபக்கீர் பாடியவை, யாரோ கையால் எழுதி வைத்தவை. எங்கும் பெயர் இல்லை. ஒரு நாள் நான் மதியச் சாப்பாட்டைச் சுற்றி வந்த செய்தித்தாளை விரித்து வாசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்த நோட்டை என் முன்னால் வைத்தார்.

அப்படித்தான் நான் மாடிக்குப் போக ஆரம்பித்தேன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். அவருக்கே தோன்றிய ஏற்பாடு அது. லெட்சுமி அக்கா கேட்டுக் கற்றுக்கொள்வதற்காக என் வாசிப்பைப் பதிவு செய்யலாமா என்று அவர் கேட்டார். இந்த அறையைத் தாண்டிப் போகக் கூடாது என்றேன். "போவாது" என்றார்.

"ரெண்டும் சுவத்தப் பாத்து ஒக்காந்துகிட்டு என்னா பாட்டு இது! கோவிச்சுகிட்ட புருசன் பொண்டாட்டி மாதிரி" என்பார் லெட்சுமி அக்கா. அப்போது நாசர் அண்ணனின் மனைவி ரஹிமா அக்கா தேநீர் பிளாஸ்க்கோடு அங்கேதான் இருப்பார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான்.

அந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு வரிகள் இருந்தன.

பூட்டிய வீடென்று திரும்பி நடந்தேன்;
தட்டவே இல்லையே என்றது கதவு.

போன வருடம் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய கிடங்கில் ஒரு ஞாயிறு மாலை நிகழ்ச்சி நடந்தது. நான் கூட்டத்தின் கடைசியில் தூணோரம் நின்றிருந்தேன். பாட்டின் நடுவில் உறுமி வர வேண்டிய இடத்தில் நாசர் அண்ணனின் விரல் பக்கத்துப் பட்டனில் பட்டது. பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து என் குரல் வந்தது. பயிற்சிக்காக அவர் பெட்டியில் போட்டு வைத்திருந்த அந்த இரண்டு வரிகள்தான். கூட்டம் அசையாமல் நின்றது. சிலர் யார் என்று திரும்பித் தேடினார்கள். நான் வெளியே ஓடி, மழையில் பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.

மறுநாள் அவர் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"வெரலு தப்பிப் போச்சு, பவி. கேக்காம எடுத்தது மாதிரி ஆயிப்போச்சு."

"அழிச்சிடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

பின்னால் நின்ற அந்தோணி அண்ணனால் பொறுக்க முடியவில்லை. "அட, கூட்டமே அப்பிடியே நின்னுச்சுலா! அதப் போயி அழிக்கறதா? ஒரு காப்பி வச்சிக்கடா நாசர்!"

"அவ சாமான். அவ சொல்லிட்டா" என்றார் நாசர் அண்ணன்.

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேறு பாடல்களை வாசிக்கச் சொல்லிக் கூப்பிடுவார். முன்பு போலவே முதுகைக் காட்டி உட்காருவார். ஆனால் அந்தப் பாட்டில் ஒரு மாற்றம் வந்தது. கீழே தைத்துக்கொண்டே கேட்பேன். உறுமி தேய்ந்து நிற்கும். பிறகு எட்டுத் தாளத்துக்கு ஒன்றும் இருக்காது. பிறகு பாட்டு தொடரும். ஒரு நாள் லெட்சுமி அக்கா கத்துவது மாடித் தரை வழியாகக் கேட்டது.

"நடுவுல எதுக்கு இவ்ளோ பெரிய ஓட்டை? நான் பாடி அடச்சிடறேன்!"

"அது பவியோட எடம். இருக்கட்டும்."

சரி என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். பல நாள் மாடிப்படியில் பாதி வரை ஏறினேன். மேலே எல்லாரும் இருப்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று இறங்கிவிடுவேன். ஏழு மாதம் ஒவ்வொரு பயிற்சியிலும் அந்த எட்டுத் தாளத்தை அவர் காலியாக வைத்திருந்தார். ஏழு மாதமும் நான் கீழே மிஷினை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாசர் அண்ணன் இறப்பதற்கு முன் ஒத்துக்கொண்டிருந்த நிகழ்ச்சி ஒன்று பாக்கி இருந்தது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மறுவாரம், ரஹிமா அக்கா பெட்டியையும் லேப்டாப்பையும் ஒரு பாசார் பையில் வைத்து எடுத்து வந்தார். "அவரு ஏத்துகிட்டது. நீங்க செஞ்சிருங்க" என்றார்.

லெட்சுமி அக்கா ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். ஃபெரி ஊதியது, தேங்காய் துருவியது, என் தையல் மிஷின் ஓடியது. எங்காவது ஓரிடத்தில் நாசர் அண்ணன் என் குரலை ஒளித்து வைத்திருப்பார் என்று மற்ற இருவரும் நம்பினார்கள். வெட்கம் எல்லாம் போய், நானும் அதையே வேண்டிக்கொண்டிருந்தேன். இருந்தால் நான் மேடைக்குப் போக வேண்டியதில்லை. கடைசிப் பட்டனை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். அந்தோணி அண்ணன் லேப்டாப் முழுக்கத் தேடினார். எங்கேயும் இல்லை.

பட்டனின் கீழே ஒட்டியிருந்த காகித நாடாவில் நாசர் அண்ணன் மலாயில் எழுதியிருந்தார். மேலே 'கோசோங்', காலி. அதற்குக் கீழே, சின்னதாக, 'முதலில் பவியைக் கேள்'.

"சொன்ன மாதிரியே அழிச்சிட்டான்லா, பாவி" என்றார் அந்தோணி அண்ணன். சொல்லிவிட்டு உறுமியின்மேல் முகத்தை வைத்துக்கொண்டார்.

ரஹிமா அக்கா நாடாவை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். "அவரு கேக்க முடியாமப் போச்சு. நான் கேக்கறேன். படிக்கிறியா, பவி?"

நிகழ்ச்சியில் நான் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த இடம் வந்ததும் லெட்சுமி அக்கா காலிப் பட்டனை அழுத்திவிட்டு என் பக்கம் பார்த்தார். எழுந்தேன். கூட்டத்தைப் பார்க்கவில்லை, ஆளில்லாத நாசர் அண்ணனின் நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்றேன். முதல் வரி நடுங்கியது. எட்டுத் தாளத்தில் முடிய வேண்டியது பன்னிரண்டு தாளம் ஆனது. அந்தோணி அண்ணன் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார். இரண்டாவது வரியைச் சொல்லி முடித்த பிறகே உறுமியில் வைத்தார்.

போன வாரம் அந்தோணி அண்ணன் என்னிடம் கேட்டார், "பவி, ஒன் கொரலப் பதிஞ்சு அந்தப் பட்டன்ல போட்டுடலாமா? ஒவ்வொரு தடவையும் நீ பயப்பட வேணாம்லா." அவரும் இப்போது கேட்டுவிட்டுத்தான் செய்கிறார்.

வேண்டாம் என்றேன். நாசர் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் காலிப் பட்டனை. அதை அழுத்தினால் இப்போதும் ஒன்றும் வராது. அதனால் ஒவ்வொரு முறையும் நான் எழுந்து நிற்கிறேன்.